துளையிட்ட மீன் தொட்டிக் குழாயமைப்பு

துளையிட்ட மீன் தொட்டிக் குழாயமைப்பு என்பது, அடித்தளத்திலோ பின்சுவரிலோ துளைகளுடன் செய்யப்பட்ட கண்ணாடி மீன் தொட்டியிலிருந்து நீரைக் கீழேயுள்ள மற்றொரு தொட்டிக்கு வடித்து, அங்கிருந்து பம்பு மூலம் மீண்டும் மேலே அனுப்பும் குழாய்களின் தொகுதி ஆகும். கீழேயுள்ள தொட்டி சம்ப் எனப்படுகிறது. வீடுகளில் தரைக்கடியில் நீர் தேக்கும் தொட்டிக்கு வழங்கும் சொல்லே இங்கும் பயன்படுகிறது. நீர் வடிகட்டி, சூடேற்றி, புரத நுரை பிரிப்பான் போன்ற கருவிகள் சம்பில் வைக்கப்படுவதால் மேல் தொட்டி காட்சிக்கு மட்டும் உரியதாகிறது. நீரின் மொத்த அளவு கூடுவதால் அதன் வெப்பமும் வேதி நிலையும் மெதுவாகவே மாறும். பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளில் இவ்வமைப்பு மிகவும் பரவலானது. நன்னீர்த் தொட்டிகளிலும் இதனைக் காணலாம்.

துளையில்லாத தொட்டியில் வெளிப்புறச் சிறு வடிகட்டி பழுதானால் மீன்கள் பாதிக்கப்படும், தரை நனையாது. அடியில் துளையுள்ள தொட்டியிலோ ஓர் இணைப்பு பிசகினால் சில நூறு லிட்டர் நீர் அறைக்குள் இறங்கிவிடும். எனவே இக்குழாயமைப்பில் ஒவ்வோர் உறுப்பையும் அது வேலை செய்யாமற்போகும் நேரத்தை எண்ணியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரலாறு

கீழே ஒரு தேக்கம், மேலே காட்சித் தொட்டிகள், இடையே சுற்றோட்டம் என்னும் எண்ணம் புதியதன்று. வில்லியம் ஆல்ஃபர்டு லாயிடு என்னும் ஆங்கிலேயர் 1864இல் திறக்கப்பட்ட ஆம்பர்க்கு மீன் காட்சியகத்திலும், 1871இல் திறக்கப்பட்ட இலண்டன் கிறிஸ்டல் பேலசு மீன் காட்சியகத்திலும் இம்முறையைக் கையாண்டார். பின்னதில், காட்சித் தொட்டிகளில் இருந்த நீரைவிடப் பன்மடங்கு நீர் இருளான நிலவறைத் தேக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. கடல்நீரை உலோகம் தீண்டக்கூடாது என்பதில் லாயிடு கண்டிப்பாக இருந்தார். பிளாஸ்டிக் இல்லாத அக்காலத்தில் கடினமாக்கப்பட்ட இரப்பரே அவருக்குக் கைகொடுத்தது.

வீட்டுத் தொட்டிகளுக்கு இம்முறை பரவலாக வந்தது ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே. 1986இல் அமெரிக்க இதழொன்றில் வெளிவந்த ஜார்ஜ் சிமிட்டின் தொடர்கட்டுரைகள் சிறு பவளத் தொட்டிகளையும் கீழ்த்தொட்டி வடிகட்டிகளையும் அங்கு புகழடையச் செய்தன. அதன்பின் தொழிற்சாலையிலேயே துளையிட்டு, மூலையில் வழிவுப் பெட்டியும் ஒட்டப்பட்ட தொட்டிகள் விற்பனைக்கு வந்தன.

தொட்டியும் துளைகளும்

தொழிற்சாலைத் துளைகளுள்ள தொட்டியை வாங்குவதற்கு முதன்மையான காரணம் கண்ணாடியின் தன்மை. பல தொட்டிகளின் அடித்தளம் வெப்பப் பதப்படுத்திய கண்ணாடியால் ஆனது. இத்தகைய கண்ணாடியில் பதப்படுத்துவதற்கு முன்பே துளையிட வேண்டும். பின்னர் துளையிட முயன்றால் தகடு முழுவதும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும்.

அமெரிக்க வகைத் தொட்டிகளில் ஒரு மூலை வழிவுப் பெட்டிக்குள் பொதுவாக இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று 1 அங்குல வடிகால் குழாய்க்கும் மற்றது ¾ அங்குலத் திரும்பு குழாய்க்கும் உரியது. துளையின் விட்டம் குழாயின் பெயரளவைவிடப் பெரிது. 1 அங்குல இணைப்புக்கு ஏறத்தாழ 45 மி.மீ. துளையும், ¾ அங்குல இணைப்புக்கு ஏறத்தாழ 38 மி.மீ. துளையும் தேவைப்படும். உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் இது சிறிது மாறுபடும் என்பதால், இணைப்பை வாங்கும் முன் துளையை அளந்து பார்த்தல் நலம். துளையின் ஓரத்தில் கண்ணாடி பெயர்ந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். சிறு பெயர்வு இரப்பர் வாஷரின் அகலத்துக்குள் அடங்கிவிட்டால் கசியாது. ஓரத்திலிருந்து விரிசலாக ஓடத் தொடங்கிய கீறல் உள்ள தொட்டியைத் திருப்பிக் கொடுப்பதே முறை.

வழிவுப் பெட்டியின் மேல் விளிம்பு சீப்புப் பற்களைப்போல் வெட்டப்பட்டிருக்கும். மேற்பரப்பு நீர் இப்பற்களின் வழியே பெட்டிக்குள் விழும். இதனால் மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப்படலம் முதலில் நீங்கும். தொட்டியின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பதும் இவ்விளிம்பே. சம்பில் நீர் ஆவியானாலும் மேல் தொட்டியின் மட்டம் மாறாது.

பல்க்ஹெட் இணைப்பு

கண்ணாடித் துளையில் குழாயைப் பொருத்தும் உறுப்பு பல்க்ஹெட் எனப்படும். தமிழ்நாட்டு வன்பொருள் கடைகளில் மேல்நிலைத் தொட்டிகளுக்கு விற்கப்படும் டேங்க் நிப்பிளும் இதே இனத்தைச் சேர்ந்தது. அகன்ற விளிம்புடைய புரியுள்ள உடல், ஒரு நட்டு, ஒரு தடித்த இரப்பர் வாஷர் ஆகிய மூன்றும் சேர்ந்தது ஒரு பல்க்ஹெட்.

வாஷரை எந்தப் பக்கம் வைப்பது என்பதே மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. விளிம்பு தொட்டியின் உட்புறம் இருக்க வேண்டும். வாஷர் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையில், அதாவது நீர் உள்ள பக்கத்தில் இருக்க வேண்டும். நட்டு வெளிப்புறம் வரும். வாஷரை நட்டின் பக்கம் வைத்தால் நீர் புரிகளின் இடைவெளி வழியே இறங்கி நட்டுக்கடியில் கசியும். மேலும் நட்டு சுழலும்போது இரப்பரும் உடன் முறுகிப் பிதுங்கும். இரு பக்கமும் வாஷர் வைப்பதால் பயனில்லை. கண்ணாடியும் வாஷரும் தூய்மையாக இருந்தால் சிலிக்கோன் பசையும் வேண்டியதில்லை. சிலிக்கோன் பி.வி.சி. மீது உறுதியாகப் பற்றுவதில்லை. அது வாஷரை வழுக்கச் செய்வதோடு, பின்னர் கழற்றுவதையும் கடினமாக்குகிறது.

நட்டைக் கையால் இறுகத் திருகிய பின் குறடு கொண்டு கால் சுற்று திருப்பினால் போதுமானது. அதற்குமேல் இறுக்கினால் வாஷர் நசுங்கி வெளியே தள்ளப்படும். பிளாஸ்டிக் விளிம்பு வெடிக்கலாம், சில வேளை கண்ணாடியே விரிசல் காணும். பல தயாரிப்புகளில் நட்டு இடப்புரியாக, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும்படி இருக்கும். கீழிருந்து குழாயைத் திருகும்போது நட்டு தளராமல் இருப்பதற்காக இவ்வாறு செய்யப்படுகிறது. இதை அறியாதவர்கள் இறுக்குவதாக எண்ணித் தளர்த்துவதுண்டு.

குழாய் அளவுகளில் குழப்பம்

1 அங்குலக் குழாய் என்று சொல்லப்படும் குழாய்கள் எல்லாம் ஒரே அளவினவல்ல. அமெரிக்கத் தர நிலையின்படி 1 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. ஆகும். மெட்ரிக் தரத்தில் அதற்கு இணையாக விற்கப்படும் குழாயின் வெளிவிட்டம் 32 மி.மீ. மட்டுமே. ¾ அங்குலத்துக்கு இவை முறையே 26.7 மி.மீ., 25 மி.மீ. ஆகும். இந்தியச் சந்தையில் இரு வகைகளும் கிடைக்கின்றன. 32 மி.மீ. குழாயை அமெரிக்க அளவுள்ள பல்க்ஹெட்டில் நுழைத்தால் அது தடையின்றி உள்ளே போய்விடும். பார்ப்பதற்குப் பொருந்தியதுபோலத் தோன்றும். ஒட்டுக்கரைசல் இந்த இடைவெளியை நிரப்பும் பசையன்று. எனவே அவ்விணைப்பு சில நாட்களிலோ சில மாதங்களிலோ கசியக்கூடும். சுடுநீருக்கான சி.பி.வி.சி. குழாய் மூன்றாவது வகை. அதன் ¾ அங்குல வெளிவிட்டம் 22.2 மி.மீ. மட்டுமே. இரு வகைகளை இணைக்க நேர்ந்தால் இரண்டுக்கும் பொதுவான புரி இணைப்பைப் பயன்படுத்துவதே வழி.

பொருளிலும் கவனம் தேவை. பல்க்ஹெட்டுகளில் சில பி.வி.சி.யாலும் சில ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்காலும் செய்யப்படுகின்றன. பி.வி.சி.க்கு உரிய ஒட்டுக்கரைசல் ஏ.பி.எஸ்.ஐ முறையாகப் பிணைப்பதில்லை. அங்கும் புரி இணைப்பே பாதுகாப்பானது. பித்தளை டேங்க் நிப்பிள், செப்புக் குழாய், பித்தளை வால்வு ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். மீன்கள் தாங்கும் மிகச் சிறிய அளவுச் செம்புகூட இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொன்றுவிடும்.

வடிகால் வகைகள்

வடிகால் குழாயைத் துளையின் மட்டத்திலேயே விட்டுவிட்டால் வழிவுப் பெட்டி முழுவதும் காலியாகி, நீர் அரை மீட்டர் உயரத்திலிருந்து அருவிபோல் விழும். ஓசை தாங்க முடியாததாக இருக்கும். மின்சாரம் நின்றதும் பெட்டியின் நீர் முழுவதும் சம்புக்கு இறங்கும். எனவே பல்க்ஹெட்டின் மேல் ஒரு செங்குத்துக் குழாய் பொருத்தப்படுகிறது. அதன் வடிவத்தைக் கொண்டே வகைகள் பெயர் பெற்றுள்ளன.

டர்சோ குழாய் இவற்றுள் எளியது. செங்குத்துக் குழாயின் தலையில் ஒரு டீ இணைப்பும், அதன் பக்கவாயில் கீழ்நோக்கி வளைந்த எல்போவும் இருக்கும். உச்சியில் உள்ள மூடியில் ஒரு சிறு காற்றுத்துளை இடப்படும். நீர் எல்போவின் வழியே பரப்புக்குக் கீழிருந்து உறிஞ்சப்படுவதால் சளசளப்பு குறையும். காற்றுத்துளை மிகச் சிறிதாயின் குழாய் தானாகவே சைஃபனாக மாறிப் பெட்டியை உறிஞ்சிக் காலி செய்யும். பின் காற்று புகுந்து சைஃபன் முறியும். மீண்டும் நிரம்பும். கழிப்பறைத் தொட்டி போன்ற இவ்வோசை சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்கும். துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கி இதைச் சரிசெய்யலாம். 1 அங்குல வடிகால் இவ்வாறு காற்றும் நீரும் கலந்து ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 2,300 லிட்டர் (600 அமெரிக்க கேலன்) என்பதே நடைமுறை வரம்பாகக் கொள்ளப்படுகிறது.

அதே குழாயில் காற்றே இல்லாமல் நீர் மட்டும் நிறைந்து ஓடினால் அளவு வெகுவாகக் கூடும். 1 மீட்டர் வீழ்ச்சியில் நீர் அடையக்கூடிய வேகம், உராய்வைக் கணக்கில் கொள்ளாவிடில், நொடிக்கு 4.4 மீட்டர். 26.6 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் இது மணிக்கு 8,800 லிட்டருக்கும் மேல். வளைவுகளும் உராய்வும் இதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும் என்றாலும், எஞ்சுவது வீட்டுத் தொட்டிக்குத் தாராளமானது. ஹெர்பி முறை இவ்வுண்மையைப் பயன்படுத்துகிறது. இதில் முதன்மைக் குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும். சம்புக்கு மேலே அதில் ஒரு கேட் வால்வு பொருத்தி, வரும் நீரும் போகும் நீரும் சமனாகும்வரை சிறிது சிறிதாகத் திருகி அமைக்கப்படும். ஓசை அனேகமாக இராது. பால் வால்வு கால் சுற்றில் முழுதும் மூடிக்கொள்வதால் இந்நுண்ணிய அமைப்புக்கு ஏற்றதன்று.

ஆனால் வால்வினால் குறுக்கப்பட்ட குழாயில் ஒரு நத்தையோ பாசித்திரளோ சிக்கினால் நீர் போக வழியில்லை. ஆகவே ஹெர்பி முறையில் இரண்டாவதாக ஓர் அவசரக் குழாய் கட்டாயம். இது சற்று உயரமாக, வால்வு எதுவுமின்றி, வழக்கமாக உலர்ந்தே நிற்கும். இரு துளைகள் மட்டுமே உள்ள மூலைப் பெட்டியில் திரும்பு குழாயின் துளையையும் வடிகாலுக்கே கொடுத்துவிட்டு, திரும்பு குழாயைத் தொட்டியின் விளிம்புக்கு மேலாகக் கொண்டுவருவர். எந்தத் துளையை எதற்குக் கொடுப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதன்மைக் குழாய் சைஃபனாக ஓடுவதால் அதற்கு ¾ அங்குலமே பெரும்பாலும் போதும். பெரிய துளையை அவசரக் குழாய்க்கு ஒதுக்குவதே காரணத்தோடு பொருந்துவது. ஏனெனில் முதற்குழாய் முற்றிலும் அடைபட்ட வேளையில் பம்பு தரும் முழு நீரையும் தனியே தாங்க வேண்டியது அதுவே.

மூன்று துளைகள் உள்ள தொட்டிகளில் பீன் அனிமல் முறை கையாளப்படுகிறது. முதற்குழாய் முழுச் சைஃபன். இரண்டாவது சிறிதளவு நீரோடும் திறந்த குழாய். மூன்றாவது உலர்ந்த அவசரக் குழாய். இரண்டாவதன் தலையிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழல் பெட்டியின் வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முடியும்படி வளைக்கப்பட்டிருக்கும். முதற்குழாய் அடைபட்டு மட்டம் உயர்ந்தால் நீர் அக்குழலின் வாயை மூடும். காற்று நின்றதும் இரண்டாவது குழாய் தானே சைஃபனாக மாறிச் சுமையை ஏற்றுக்கொள்ளும். மின்சாரமோ நகரும் உறுப்போ இன்றி இது நிகழ்கிறது.

ஒட்டுதல்

குழாயைச் செங்குத்தாக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு நீக்கிய பின்னரே ஒட்ட வேண்டும். பி.வி.சி. இணைப்பின் உட்புறம் சற்றுக் குறுகிச் செல்வது. ஆகையால் உலர்ந்த குழாய் முழு ஆழத்துக்கு நுழையாது. ஒட்டுக்கரைசல் பிளாஸ்டிக்கை இளக்கிய பின்னரே அடிவரை செல்லும். ஒட்டாமல் பொருத்திப் பார்த்து அளவெடுப்போர் இதனை மறந்தால், ஒட்டியபின் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு செ.மீ. அளவுக்கு நீளம் குறைந்து, குழாய் எட்டாமற்போகும். இணைப்பின் ஆழத்தை அளந்து குழாயில் பென்சிலால் குறித்துக்கொள்வது இதனைத் தவிர்க்கும். இரு பரப்பிலும் கரைசலைப் பூசி, நுழைக்கும்போது கால் சுற்று திருப்பி, பின்னுக்குத் தள்ளாதபடி அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். நீர் விடுவதற்கு முன் ஒரு நாள் காயவிடுவது வழக்கம்.

புரி இணைப்புகளுக்கு டெஃப்லான் நாடா சுற்றப்படுகிறது. கரைசல் தேவையில்லை. பிளாஸ்டிக் புரிகளை இரும்புக் குழாயைப்போல் இறுக்கினால் வெளியுறுப்பு பிளந்துவிடும். பம்பை ஒட்டியும், பல்க்ஹெட்டுக்குக் கீழேயும் யூனியன் இணைப்பு வைப்பது பின்னாளில் பெரிதும் உதவும். முழுவதும் ஒட்டிவிட்ட குழாயமைப்பில் பம்பைத் துடைப்பதற்குக்கூட இரம்பம் தேவைப்படும்.

மின்தடையும் சம்பின் கொள்ளளவும்

பம்பு நின்றதும் இரு வழிகளில் நீர் கீழிறங்கும். சீப்புப் பற்களுக்கு மேல் நிற்கும் நீர் வழிந்து முடியும். அதோடு, திரும்பு குழாயின் வாய் நீருக்குள் இருப்பதால் அதுவும் சைஃபனாக மாறிப் பின்னோக்கி உறிஞ்சும். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்று புகும்வரை இது நிற்காது.

120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் மட்டம் 2.5 செ.மீ. இறங்கினால் 18 லிட்டர் நீர் சம்புக்கு வரும். திரும்பு குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் இது 36 லிட்டராகும். குழாய்களிலும் வழிவுப் பெட்டியிலும் உள்ள நீரையும் சேர்த்து, முதல் நிலையில் 25 லிட்டர் எனக் கொள்வோம். 75 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள சம்பில் இது மட்டத்தை ஏறத்தாழ 8 செ.மீ. உயர்த்தும். எனவே சம்பு ஓடும்போது விளிம்புக்குக் கீழே குறைந்தது 10 செ.மீ. வெற்றிடம் இருக்க வேண்டும்.

திரும்பு குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளையிட்டு, மட்டம் அதனைத் தாண்டியதும் காற்று புகுந்து சைஃபன் முறியும்படி செய்வதுண்டு. பாசியும் உப்பும் இத்துளையை அடைத்துவிடும் என்பதால் அதை அவ்வப்போது குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பிச் சம்பை நிரப்பி வைப்பது தவறு. ஒரு நத்தை ஓடோ மணற்துகளோ அதன் கதவைத் திறந்தே வைத்திருக்கப் போதுமானது. திரும்பு குழாயின் வாயைப் பரப்பை ஒட்டி வைப்பது எதனையும் நம்பியிராத தீர்வு.

எதிர் நிலையும் எண்ணிப்பார்க்கத் தக்கது. வடிகால் முற்றிலும் அடைபட்டு, பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் என்னவாகும்? சம்பு தடுப்புகளால் அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால் பம்பு உள்ள கடைசி அறையின் நீர் மட்டுமே மேலே போகும். அவ்வறை 25 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 22 செ.மீ. நீராழமும் கொண்டதாயின் அது 22 லிட்டர். மேலே சொன்ன தொட்டியில் இது 3 செ.மீ. உயர்வு. தொட்டியின் விளிம்பு அதைவிட உயரமாக இருந்தால் ஒரு துளியும் தரைக்கு வராது. பம்பு அறையைச் சிறிதாக வைப்பதற்குக் காரணம் இதுவே. ஆவியான நீரை ஈடுசெய்யும் தானியங்கி நிரப்பி பொருத்தியவர்களுக்கு மட்டும் இக்கணக்கு பொருந்தாது. பம்பு அறை வற்றியதைக் கண்ட நிரப்பி, நீர் ஆவியாகிவிட்டது எனக் கொண்டு நன்னீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதன் தேக்கம் முழுவதும் தொட்டியின் விளிம்பு வழியாக வெளியேறும், கடல்நீரின் உப்பும் நீர்த்துப்போகும். நிரப்பியின் தேக்கத்தைச் சிறிதாக வைப்பதும், அது தொடர்ந்து ஓடும் நேரத்துக்கு வரம்பிடுவதும் இதற்கான காப்புகளாகும்.

சோதனை

மீன்களையும் உப்பையும் சேர்ப்பதற்கு முன் குழாய் நீரைக் கொண்டு முழு அமைப்பையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பல்க்ஹெட்டுக்கும் கீழே உலர்ந்த செய்தித்தாளை விரித்து ஒரு நாள் விட்டால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் புள்ளியாகத் தெரியும். பிறகு பம்பின் மின்னிணைப்பைப் பிடுங்கி, சம்பின் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கு ஒரு கோடு இடப்படும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பம்பு ஓடும்போது சம்பில் இருக்கத்தக்க உயர்ந்த மட்டத்துக்கும் ஒரு கோடு இடப்படும். முதன்மை வடிகாலின் வால்வை வேண்டுமென்றே முழுதும் மூடி, அவசரக் குழாய் தனியே தாங்குகிறதா என்று காண்பது கடைசிச் சோதனை. பலரும் தவிர்த்துவிடுவது இதனையே. வீட்டார் ஊரில் இல்லாத நாளில் தொட்டி தானாக இச்சோதனையை நடத்தும்போது வால்வைத் திறந்துவிட ஒருவரும் அருகில் இரார்.

மின்கம்பிகள் சுவர்ச் செருகியை அடையும் முன் ஒரு தொங்கல் வளைவு விடப்பட வேண்டும். கம்பி வழியே ஓடிவரும் நீர் அவ்வளைவின் அடியில் சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவி இல்லாத மின்சுற்றில் இத்தகைய தொட்டியை ஓட்டுவது ஆபத்தானது.

பராமரிப்பு

வழிவுப் பெட்டியின் பற்களில் படியும் பாசியையும் சுண்ணப் படிவையும் மாதம் ஒருமுறை துலக்குவது வழக்கம். சுண்ணப் படிவுக்கு வினிகர் போதும். கேட் வால்வையும் யூனியனையும் ஆண்டில் சிலமுறையாவது திருகிவிடாவிட்டால் அவை இறுகிப்போகும். இணைப்பொன்றைச் சுற்றி வெண்ணிற உப்புப் பொருக்கு தோன்றினால் அங்கு மிக மெல்லிய கசிவு உள்ளது என்று பொருள். அதைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கவனித்து, மீண்டும் தோன்றினால் நட்டைச் சிறிது இறுக்கலாம். அதன்பின்னும் தொடர்ந்தால் வாஷரை மாற்ற வேண்டும். நுழைவாயில்களுக்குப் பொருத்தும் வலைக் கூடைகள் நத்தைகளைத் தடுக்கும். ஆனால் கண் மிகச் சிறியதான வலை பாசியால் தானே அடைபட்டுவிடும் என்பதால், அவசரக் குழாயின் வாயில் மட்டும் வலை எதுவும் இடப்படுவதில்லை.